எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்?

120 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டம். வந்தவர்கள் 9 பேர். மாதப் பராமரிப்புக் கட்டணத்தை 2,500 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக உயர்த்தலாம் என்று ஒரு தீர்மானம் வருகிறது. 7 பேர் சரி என்கிறார்கள், 2 பேர் வேண்டாம் என்கிறார்கள். அடுத்த மாதம் எல்லா வீட்டுக்கும் புதிய தொகையோடு ரசீது போகிறது. கூட்டத்துக்கே வராத 111 வீட்டுக்காரர்கள் அதைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில் சொல்ல, 7 பேர் ஆதரித்தார்கள் என்பதை விட 9 பேர் வந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் விதித் தொகுப்பான பைலாவில், பொதுக்கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும் என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதைத்தான் கோரம் என்கிறோம். கிராமசபை ஆவணங்களில் குறைவெண் வரம்பு என்று இருக்கும். இலங்கையில் கூட்ட நடப்பெண் என்பார்கள். பைலாவில் 30 என்று எழுதியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது 9 பேர் உட்கார்ந்து பேசிய பேச்சு, அவ்வளவுதான். அந்த 9 பேரும் ஒருமனதாகக் கை தூக்கியிருந்தாலும் அது சங்கத்தின் தீர்மானம் ஆகாது.

இந்த விதி யாருக்காக என்று கேட்டால், வராதவர்களுக்காக என்பேன். உடம்பு முடியாதவர், வேலைக்குப் போனவர், கூட்டம் நடப்பதே தெரியாதவர் என்று ஒரு அமைப்பில் எப்போதும் பாதிக்கு மேல் ஆட்கள் வெளியேதான் இருப்பார்கள். அவர்கள் பெயரில், அவர்கள் பணத்தில், ஒரு சிலர் மட்டும் முடிவெடுத்துவிடாமல் இருக்க வைத்த காவல் இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கோரம் பற்றிய மற்ற நுணுக்கங்கள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதல் தடவை கேட்பவர்கள் கோரத்தையும் பெரும்பான்மையையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது வழக்கம். இரண்டும் வேறு வேறு படி. முதல் படியில், கூட்டம் நடக்கப் போதுமான ஆள் இருக்கிறதா என்று எண்ணுகிறோம். அதைத் தாண்டினால்தான் அடுத்த படி: வந்தவர்களில், ஓட்டுப் போட்டவர்களில், எந்தப் பக்கம் அதிகம் என்று பார்க்கிறோம். 120 வீட்டில் கோரம் 30 என்றால், சரியாக 30 பேர் வந்து 16 பேர் ஆதரித்தாலே தீர்மானம் நிறைவேறிவிடும். ஆக, 120 பேருக்கான முடிவை 16 பேர் எடுக்க முடியும். இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் கோரத்தைப் பாதிக்கு மேல் வைத்தால் பல சங்கங்களில் ஆண்டுக் கணக்குக்கூட நிறைவேறாது என்பதும் சங்க நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதன் கடைசி எல்லையைக் காட்டும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கம் வைத்திருந்த ஒரு நிறுவனம், பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டியது. வந்த பங்குதாரர் ஒரே ஒருவர். நிறுவனத்தின் செயலாளர் உடன் இருந்தார். அந்த ஒருவரே தலைமை வகித்தார், கணக்கை ஏற்றார், பங்குதாரர்கள் எல்லோரும் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார், கடைசியில் தலைமைக்கு நன்றியும் தெரிவித்தார். இன்னொரு பங்குதாரர் பணம் கட்ட மறுத்தார். ‘ஷார்ப் எதிர் டாஸ்’ என்ற அந்த வழக்கில் 1876-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கூட்டம் என்றாலே ஒருவருக்கு மேற்பட்டவர்கள் கூடுவது, ஒற்றை ஆள் தனக்குத்தானே கூட்டம் நடத்த முடியாது என்பது தீர்ப்பு. இன்றும் நிறுவனச் சட்டம் படிக்கிறவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் இது ஒன்று.

கிராமசபையில்

நம்மில் அதிகம் பேரைத் தொடும் கோரம், தமிழ்நாட்டில், கிராமசபையின் கோரம்தான். 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டியதில்லை, சந்தா கட்ட வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் வழக்கமாக நடந்துவந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாளும் சேர்ந்தன.

கோரம் மக்கள்தொகையை வைத்து வருகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 501 பேர் வாழும் ஊராட்சியில் 100 பேர் என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 3,000 பேர் வாழும் ஊராட்சியிலும் அதே 100 போதும். அங்கே முப்பதில் ஒருவர். 10,000 பேர் வாழும் இடத்தில் 200 போதும், அதாவது ஐம்பதில் ஒருவர். ஊர் பெரிதாகப் பெரிதாக ஒரு முடிவுக்குத் தேவையான ஆட்களின் பங்கு சுருங்குகிறது. நடைமுறைக்காக இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் 2,000 பேரை உட்காரவைத்துத் தீர்மானம் படிப்பது சுலபமில்லை. ஆனால் பத்துக் குக்கிராமங்கள் சேர்ந்த பெரிய ஊராட்சியில், கூட்டம் நடக்கும் ஒரே குக்கிராமத்து ஆட்களை வைத்தே 200-ஐ நிரப்பிவிடலாம். மற்ற ஒன்பது ஊர்களிலிருந்து ஒருவர்கூட வராமல் கூட்டம் செல்லுபடியாகும். ஊராட்சித் தலைவர்கள் கூட்டத்தை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குக்கிராமத்தில் நடத்த வேண்டும் என்று கேட்பவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் கையெழுத்து. கோரம் வந்ததா என்பதற்குச் சான்று வருகைப் பதிவேடுதான். அதில் 100 கையெழுத்து இருக்கிறது என்பதும், தீர்மானம் வாசிக்கும்போது 100 பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் ஒன்றல்ல. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்துவந்து கையெழுத்து வாங்கி அனுப்புவது, விடுபட்ட எண்ணிக்கைக்குக் கூட்டம் முடிந்த பிறகு வீடு வீடாகப் போய் வாங்குவது என்ற புகார்கள் பல மாவட்டங்களில் வருடா வருடம் எழுகின்றன. இது வெறும் நடைமுறைக் குறை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. வீட்டுத் திட்டத்தில் யார் பெயர் சேரும், எந்தத் தெருவுக்குச் சாலை வரும், வரவு செலவுக் கணக்கு சரியா என்பதை எல்லாம் அந்தக் கூட்டம்தான் ஏற்கிறது. ஆள் இல்லாமல் கையெழுத்து மட்டும் சேர்ந்தால் கோரம் காகிதத்தில் நிற்கும், அது காப்பாற்ற வேண்டியவர்கள் வெளியே நிற்பார்கள்.

வந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, வந்தவர்கள் யார் என்பதும் முக்கியம் என்று ஒரு சட்டம் சொல்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 2012 திருத்தத்துக்குப் பிறகு, கிராமசபைக்கான கோரம் மொத்த உறுப்பினர்களில் பாதி. அப்படி வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நில உரிமை கேட்டு மனுப் போட்டவர்களைப் பற்றி முடிவெடுப்பதாக இருந்தால், அந்த மனுதாரர்களில் பாதிப் பேராவது, நேரிலோ பிரதிநிதி மூலமோ, அங்கே இருந்தாக வேண்டும். யாருடைய நிலமோ அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். நான் படித்த கோரம் விதிகளில் இவ்வளவு அக்கறையோடு எழுதிய விதி வேறொன்று இல்லை.

இப்படிப்பட்ட கூட்டங்களின் கனம் என்ன என்பதை ஒடிசாவின் நியம்கிரி மலை காட்டியது. அங்கே பாக்சைட் சுரங்கம் வரலாமா என்பதில் அங்குள்ள கிராமசபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. அந்தச் சபைகளில் மலையில் வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் நேரில் வந்து உட்காராமல் பதிவேட்டில் மட்டும் இருந்திருந்தால் அந்த மலை இன்று எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நேரில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தலுக்காகப் பிரபலமானவை. ஓலை எடுக்கும் நாளில் இளையவர் முதல் முதியவர் வரை மகாசபை நிறைந்து கூட வேண்டும், அன்றைக்கு ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் (அர்ச்சகர்கள்) ஒருவர் விடாமல் மண்டபத்தில் வந்து உட்கார வேண்டும் என்று அந்த ஏற்பாடு சொல்கிறது. எண் எதுவும் அதில் இல்லை. எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும் என்ற கவலை இருக்கிறது. அந்தச் சபையில் எல்லாச் சாதியினருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டமன்றத்தில் மணி அடிப்பது ஏன்

அரசியல் சட்டத்தின் 189-வது பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு கணக்கு தருகிறது: பத்து உறுப்பினர், அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. தமிழ்நாட்டில் 234 உறுப்பினர்கள். பத்தில் ஒரு பங்கு 23.4. அரை ஆள் என்று இல்லாததால் 24 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றத்துக்கு 100-வது பிரிவு. மக்களவையில் 543 இடங்கள், கோரம் 55. மாநிலங்களவையில் 245 இடங்கள், கோரம் 25. இலங்கை நாடாளுமன்றத்தில் 225 உறுப்பினர்களுக்கு 20 பேர் போதும்.

ஆள் குறைந்தால் அவைத் தலைவர் அவையை ஒத்திவைக்க வேண்டும், அல்லது ஆள் சேரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு முன்னால் மணி அடிப்பார்கள். நூலகத்திலும் உணவகத்திலும் இருக்கும் உறுப்பினர்கள் அதைக் கேட்டு ஓடிவருவார்கள். வந்ததும் அவை தொடரும்.

நடைமுறையில் அவைத் தலைவர் தானாக ஒவ்வொரு நிமிடமும் தலை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து கோரம் இல்லை என்று சொன்னால்தான் எண்ணிக்கை நடக்கும். சாப்பாட்டு நேரத்திலும் இரவு நீளும் விவாதங்களிலும் அதை எழுப்பாமல் விடுவது எல்லாக் கட்சிகளும் பேசாமல் பேசிக்கொண்ட ஏற்பாடு. காலி இருக்கைகளுக்கு நடுவே ஒருவர் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து, இது எப்படிச் செல்லும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. இலங்கையின் அரசியல் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: 20 பேருக்குக் குறைவு என்று தலைமை வகிப்பவரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் அவையை ஒத்திவைக்க வேண்டும்.

இந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற குறைந்த எல்லைகூட ஒரு முறை ஆட்டம் கண்டது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-வது திருத்தம், அரசியல் சட்டத்திலிருந்து கோரம் பற்றிய உட்பிரிவுகளையே எடுத்துவிட வழி செய்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும் முன்னரே 1978-ன் 44-வது திருத்தம் அதை நீக்கிவிட்டது. எத்தனை பேர் இருந்தால் சட்டம் போடலாம் என்பதை அவையின் வசதிக்கு விடாமல் அரசியல் சட்டத்திலேயே வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

அப்புறம், 24 பேர் வந்து 13 பேர் ஆதரித்தால் தமிழ்நாட்டில் ஒரு மசோதா நிறைவேறலாமே என்ற பயம் வரும். கணக்குப்படி முடியும். அதனால்தான் மிக முக்கியமான முடிவுகளுக்குத் தனிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்த 368-வது பிரிவின்படி இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதோடு அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல். இரண்டாவது நிபந்தனை இருக்கும்போது, வராமல் இருப்பதும் எதிர்த்து ஓட்டுப் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாதாரணத் தீர்மானத்துக்குக் குறைந்த கோரம், பெரிய முடிவுக்கு மொத்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கு என்ற இந்த முறையைச் சிறு சங்கங்களும் எடுத்துக்கொள்ளலாம். சொத்து விற்பது, பைலாவை மாற்றுவது, சங்கத்தையே கலைப்பது போன்றவற்றுக்கு இது ரொம்ப அவசியம் என்று நினைக்கிறேன்.

நிறுவனச் சட்டம் சொல்லும் அரை மணி நேரம்

சங்கம் தொடங்குபவர்கள் பைலா எழுதும்போது பார்த்துப் பழக நல்ல மாதிரி 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். தனியார் நிறுவனத்தின் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் போதும். பொது நிறுவனத்தில் உறுப்பினர் 1,000 வரை என்றால் 5 பேர், 5,000 வரை 15 பேர், அதற்கு மேல் 30 பேர். ‘நேரில்’ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தன் சார்பில் ஓட்டுப் போட ஒருவர் அனுப்பும் பதிலாளைக் கோரத்தில் சேர்க்க மாட்டார்கள்.

குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆள் சேரவில்லை என்றால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். அன்றைக்கும் அரை மணி நேரத்தில் கோரம் சேரவில்லை என்றால், வந்தவர்களே கோரம். வேலை நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு. வராதவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைக்கிறது. அதற்கு மேலும் வராதவர்களுக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உறுப்பினர்களே கோரிக்கை வைத்துக் கூட்டச்சொன்ன சிறப்புக் கூட்டமாக இருந்தால் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது, கூட்டம் ரத்து. கூட்டச்சொல்லி எழுதிக் கொடுத்தவர்களே வரவில்லை என்றால் வேறு என்ன செய்வது?

நம் சங்கங்கள் பலவற்றில் இதையே சுருக்கி, 10 மணிக்குக் கோரம் இல்லாவிட்டால் 10.30-க்கு அதே இடத்தில் ஒத்திவைத்த கூட்டம் நடக்கும், அதற்குக் கோரம் தேவையில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அறிவிப்பிலேயே இரண்டு நேரமும் அச்சாகி வரும். எல்லோருக்கும் பழகிப்போன ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. வராதவருக்குத் தகவல் போய்ச் சேர ஒரு நாள்கூட இல்லாத ஒத்திவைப்பு, கோரமே இல்லாததற்குச் சமம். ஒரு வாரம் இல்லாவிட்டாலும் மூன்று நாளாவது இடைவெளி விட்டு, புதிதாக ஒரு தகவல் அனுப்ப வேண்டும் என்று எழுதுவது நல்லது. அந்தக் கூட்டத்தில் பழைய கூட்டப் பொருளைத் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

இயக்குநர் குழுவுக்குக் கோரம் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், எது அதிகமோ அது. இங்கே கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, காலியாக இருக்கும் இடங்களை மொத்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. 12 பேர் இருக்க வேண்டிய குழுவில் 3 இடம் காலி என்றால் கணக்கு 9-லிருந்து தொடங்கும், கோரம் 3. பலர் விலகி, மிச்சம் இருப்பவர்கள் கோரத்துக்கே போதாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவர்கள் இரண்டே காரியம்தான் செய்யலாம்: புதியவர்களைச் சேர்ப்பது, பொதுக்கூட்டத்தைக் கூட்டுவது. மற்றது, ஒரு விஷயத்தில் சொந்த ஆதாயம் உள்ள இயக்குநரை அந்த விஷயத்துக்கான கோரத்தில் பொதுவாக எண்ணுவதில்லை. குழுத் தலைவரின் மைத்துனருக்கு ஒப்பந்தம் தருவதைப் பற்றிப் பேசும்போது அவர் தலையை எண்ணிக் கோரம் காட்டுவது எவ்வளவு தப்பு என்று விளக்க வேண்டியதில்லை. சங்க பைலாக்களில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஆரம்பத்தில் கோரம் இருந்தால் போதுமா, முடியும்வரை இருக்க வேண்டுமா? இந்தியாவில் நிறுவனச் செயலர்கள் பின்பற்றும் தரநிலைகள், முடியும்வரை இருக்க வேண்டும் என்கின்றன. இதுதான் நியாயமும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் கிளம்பிய பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பொருளாகப் பெரிய செலவொன்றை நிறைவேற்றுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படிப்பட்ட பொருளுக்கு ஓட்டெடுக்கும் முன் தலையை மறுபடி எண்ணச் சொல்லலாம். காணொலியில் நடக்கும் இயக்குநர் கூட்டங்களில் இணைந்திருப்பவர்களும் கோரத்தில் சேர்வார்கள். அங்கேயும் இணைப்பு விட்டுப்போனவரை வந்தவராக எண்ண முடியாது.

வராமல் இருப்பதே ஆயுதமாகும்போது

கோரத்தைக் கூட்டி வைத்தால் பாதுகாப்பும் கூடும் என்று தோன்றும். ஓர் அளவுக்கு மேல் போனால் அது தலைகீழாகத் திரும்பும். சிறுபான்மையாக இருப்பவர்கள் வந்து தோற்பதை விட, வராமலே இருந்து கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று கண்டுகொள்வார்கள். அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அங்கே நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் கோரம் பாதிக்கு மேல் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. மாநிலங்கள் தத்தமக்கு வைத்துக்கொள்கின்றன.

1840 டிசம்பரில் இல்லினாய் மாநில அவையில் ஒரு கட்சி, மாநில வங்கி சம்பந்தப்பட்ட காரணத்தால், கோரத்தைக் குலைக்க முயன்றது. கதவு வழியாகப் போக முடியாததால் சிலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். குதித்தவர்களில் ஒருவர் அப்போது இளம் உறுப்பினராக இருந்த ஆபிரகாம் லிங்கன். முயற்சி பலிக்கவில்லை.

டெக்சஸ் மாநிலத்தில் கோரம் மூன்றில் இரண்டு பங்கு: 150 பேர் கொண்ட கீழவையில் 100, 31 பேர் கொண்ட மேலவையில் 21. எனவே கீழவையில் 51 பேர் சேர்ந்து காணாமல் போனால் அவையே நடக்காது. 2003-ல் தொகுதி எல்லைகளை மாற்றும் மசோதாவைத் தடுக்க எதிர்க்கட்சியினர் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார்கள். மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் டெக்சஸ் காவலர்கள் பிடித்து வந்து அவையில் உட்காரவைக்க முடியாது என்பதே காரணம். 2021-ல் வாஷிங்டனுக்கும், 2025 ஆகஸ்டில் இல்லினாய்க்கும் போனார்கள். இந்த மூன்று தடவையும் மசோதா தாமதமானது, கடைசியில் நிறைவேறியது. ஓரிகன் மாநிலத்திலும் அதே மூன்றில் இரண்டு விதி, அதே வெளிநடப்புகள். சலித்துப்போன மக்கள் 2022-ல் வாக்களித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: அனுமதி இல்லாமல் பத்து அமர்வுக்கு வராதவர் அடுத்த தடவை பதவியில் தொடர முடியாது.

ஆளைக் காணாமல் போகச் செய்ய ஊரை விட்டே போக வேண்டும் என்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில், உறுப்பினர்கள் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டு, பெயர் கூப்பிடும்போது மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். பதில் சொல்லாதவர் வரவில்லை என்று கணக்காகும். கோரம் இல்லை என்று அவை நிற்கும். 1890 ஜனவரியில் சபாநாயகர் தாமஸ் ரீட் இதற்கு முடிவு கட்டினார். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களைத் தானே ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்ததாகப் பதிவு செய்யச் சொன்னார். கெண்டக்கி உறுப்பினர் ஒருவர் எழுந்து, என்னை எண்ண உமக்கு உரிமை இல்லை என்றார். உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் சொல்கிறேன், அதை மறுக்கிறாரா என்று ரீட் திருப்பிக் கேட்டார். நாள்கணக்கில் கூச்சல் நடந்தது. 1892-ல் உச்ச நீதிமன்றம் அவர் செய்தது சரி என்றது. இன்று உலகின் பல அவைகளில் வந்தவர் என்றால் உடம்பு இருக்கும் இடத்தை வைத்து எண்ணுகிறார்கள், ஓட்டுப் போட்டாரா என்பது வேறு கணக்கு.

மக்கள் நேரடியாக வாக்களிக்கும் இடத்திலும் இதே சிக்கல் வரும். இத்தாலியில் ஒரு சட்டத்தை ரத்து செய்ய மக்கள் வாக்கெடுப்பு நடந்தால், வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டால்தான் அது செல்லும். 2025 ஜூனில் வேலைச் சட்டங்களும் குடியுரிமையும் பற்றி ஐந்து கேள்விகள் வைத்தார்கள். ஓட்டுப் போட வந்தது கிட்டத்தட்ட 30 சதவீதம். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. இப்படி விதி இருக்கும் நாட்டில் எதிர்ப்பாளர்கள் ‘வேண்டாம்’ என்று பிரச்சாரம் செய்ய வேண்டியதில்லை, வீட்டில் இருங்கள் என்று சொன்னால் போதும்.

வராமல் இருப்பது எப்போதும் பலிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1950-ல் சீனாவின் இடம் யாருக்கு என்ற பிரச்சினையில் சோவியத் ஒன்றியம் ஐ.நா. பாதுகாப்புச் சபையைப் புறக்கணித்துக்கொண்டிருந்தது. ஜூனில் கொரியப் போர் வெடித்தது. சோவியத் இருந்திருந்தால் வீட்டோ போட்டிருக்கக்கூடிய தீர்மானங்கள் அது இல்லாத அவையில் நிறைவேறின. அங்கே 11 உறுப்பினரில் 7 பேரின் ஆதரவு போதும் என்பதால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது கூட்டத்தை நிறுத்தவில்லை. ஆகஸ்டில் சோவியத் பிரதிநிதி திரும்பி வந்துவிட்டார்.

அப்படியானால் நம் சங்கத்துக்கு எவ்வளவு வைக்கலாம்? என் கருத்து, கடந்த சில ஆண்டுகளில் நல்ல முறையில் அறிவிப்புக் கொடுத்து நடந்த கூட்டங்களுக்கு வழக்கமாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பது. 120 வீட்டில் வழக்கமாக 40 பேர் வருவார்கள் என்றால் 30 நல்ல எண். 60 என்று வைத்தால் ஒவ்வொரு வருடமும் ஒத்திவைத்த கூட்டம்தான் நடக்கும், அதாவது கோரமே இல்லாத கூட்டம். 10 என்று வைத்தால் நிர்வாகக் குழுவும் அவர்கள் வீட்டாருமே போதும். எண்ணை நிலையாக எழுதுவதா, பங்காக எழுதுவதா என்றால் பங்கு நல்லது. உறுப்பினர் கூடினாலும் குறைந்தாலும் தானாகச் சரியாகிக்கொள்ளும். உறுப்பினர் என்றால் வீட்டுக்கு ஒருவரா, தலைக்கு ஒருவரா, சந்தா பாக்கி வைத்தவரும் சேர்வாரா என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும். பின்னால் வரும் சண்டைகளில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோரம் இல்லாத கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அந்த நேரத்திலேயே எழுந்து சொல்லுங்கள். தலை எண்ணச் சொல்லுங்கள், எண்ணிக்கையையும் நீங்கள் சொன்னதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பேசாமல் இருந்து ஓட்டும் போட்டுவிட்டு, தீர்மானம் பிடிக்காமல் போன பிறகு ஆறு மாதம் கழித்துக் கோரம் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு வர முடியாமல் போனவராக இருந்தால், வருகைப் பதிவேட்டின் நகலையும் அறிவிப்பு அனுப்பிய தேதியையும் எழுத்தில் கேளுங்கள். கிராமசபை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கோரம் இல்லாமல் எடுத்த முடிவை நிர்வாகமே சரிசெய்யவும் வழி உண்டு: முறையாக அறிவிப்புக் கொடுத்து, போதுமான ஆளோடு இன்னொரு கூட்டம் நடத்தி, அந்த முடிவை மறுபடி வைத்து ஓட்டெடுப்பது. மேலே சொன்ன 120 வீட்டுச் சங்கம் புதிய கட்டணத்தை வசூலிக்க விரும்பினால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அதுவரை பழைய 2,500 ரூபாய்தான் கட்டணம்.